பூனை வராமல் இருக்க எதைத் தெளிப்பது என்று கேட்டவருக்கு

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பக்கத்து வீட்டுப் பூனைகள் இரண்டும், யாருடையது என்றே தெரியாத இன்னொன்றும் புதிதாகப் போட்ட கீரைப் பாத்தியைத் தோண்டி மலம் கழித்துவிட்டுப் போகின்றன. மிளகாய்த்தூள் தூவினீர்கள், அந்துருண்டை போட்டீர்கள், ஒரு வாரம் நின்றது, மறுபடியும் வந்துவிட்டன. இதைவிடக் கடுமையாக எதைத் தெளிக்கலாம் என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், போகிறபோக்கில் சொல்வதுபோல, மருமகள் நான்கு மாதக் கர்ப்பம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் மூன்று கேள்விகள் தெரிகின்றன: பாத்தியை எப்படிக் காப்பது, போட்ட பொருள்களால் கெடுதல் உண்டா, மருமகளுக்கு ஏதாவது வருமா. நான் கால்நடை மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாய், பூனைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். வீட்டில் காய்கறித் தோட்டமும் உண்டு, அங்கும் பூனைகள் வந்து போயிருக்கின்றன. அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் எழுதுகிறேன். மனித மருத்துவம் என் துறை இல்லை. அதனால் மருமகளைப் பற்றிச் சொல்வதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். பூனை மலத்தால் கர்ப்பிணிகளுக்கு வரக்கூடிய முக்கியமான ஆபத்து டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. பூனை இனத்தின் குடலில் மட்டுமே அது முட்டை போன்ற நுண்ணிய உறைகளை உண்டாக்கும். ஒரு பூனைக்கு முதல்முறை தொற்றும்போது, ஒன்று முதல் மூன்று வாரம் வரை அந்த உறைகள் மலத்தில் வெளியேறும். அதற்குப் பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே எல்லாப் பூனையும் எந்நேரமும் நோய் பரப்பும் என்ற பயம் தேவையில்லை. ஆனால் வெளியே வந்த உறைகள் ஒன்று முதல் ஐந்து நாளில் தொற்றும் நிலைக்கு முதிர்ந்து, ஈரமான மண்ணில் மாதக்கணக்கில், சில நேரம் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அதனால் பூனையைத் தடவுவதைவிட அது தோண்டிய மண்ணைக் கிளறுவதில்தான் கவனம் வேண்டும். கர்ப்பக் காலத்தில் முதல்முறையாகத் தொற்றினால் அது குழந்தைக்கும் போகலாம். ஏற்கெனவே தொற்றி ஆறியவருக்குப் பொதுவாக எதிர்ப்புச் சக்தி இருக்கும், அது இரத்தப் பரிசோதனையில் தெரியும். பிரசவம் வரை பாத்தி வேலையை வீட்டில் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். செய்தே ஆக வேண்டும் என்றால் கையுறை போட்டுக்கொண்டு, முடித்ததும் நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்தப் பாத்திக் கீரையை வீசத் தேவையில்லை. நன்றாக அலசி, வேகவைத்துச் சாப்பிடலாம், பச்சையாக மட்டும் வேண்டாம். சரியாக வேகாத இறைச்சி வழியாகவும் இதே ஒட்டுண்ணி வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, நீங்கள் போட்ட பொருள்கள். அந்துருண்டைகளை இன்றைக்கே பொறுக்கி எடுத்துவிடுங்கள். நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடிய நஞ்சு, பூனைக்கு மட்டுமல்ல, மிட்டாய் என்று நினைத்து வாயில் போடும் குழந்தைக்கும்தான். திறந்த மண்ணில், அதுவும் சாப்பிடப்போகிற கீரைக்குப் பக்கத்தில், அது கிடக்கவே கூடாது. எடுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூள் பூனையை விரட்டுவதைவிட அதைத் துன்புறுத்தவே செய்யும். பூனை அதை மிதித்துவிட்டுப் போகும். வீட்டுக்குப் போய்ப் பாதத்தை நக்கும். அதே பாதத்தால் முகத்தைத் துடைக்கும்போது கண்ணுக்குள் போகும். தோண்டிய இடத்துக்கும் எரிந்த கண்ணுக்கும் இடையே நேரம் கடந்துவிடுவதால், உங்கள் பாத்தியால்தான் எரிந்தது என்று அதற்குத் தெரியாது. வேதனை மட்டும் மிச்சம்.

கடுமையாக ஏதாவது தெளிக்கலாமா என்ற எண்ணத்தையும் இதே காரணத்தால் விட்டுவிடச் சொல்கிறேன். பல நச்சுப் பொருள்களைக் கரைத்து வெளியேற்ற நம் ஈரலில் நடக்கும் ஒரு வேதிமாற்றம் பூனையின் ஈரலில் மிகக் குறைவு. நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லக்கூடியது இதனால்தான். தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கும் பீனால் கலந்த கிருமிநாசினிகள், டீ ட்ரீ எண்ணெய், எலுமிச்சைத் தோல் எண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய் போன்ற அடர்த்தியான வாசனை எண்ணெய்கள் எல்லாம் பூனைக்கு ஆபத்து. பூண்டுச் சாறும் காபித்தூள் சக்கையும் அதே கணக்குத்தான். வாய் முழுக்கப் புண்ணாகி, நாக்கு வெந்து, எச்சில் வழிய என்னிடம் கொண்டுவந்த பூனைகளில் சில, யாரோ வாசலில் ஊற்றிய பீனாலை மிதித்துவிட்டு நக்கியவை. ஊற்றியவர் கொல்ல நினைத்திருக்க மாட்டார், வாசல் நாறாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருப்பார். அவற்றைக் காப்பாற்றப் பட்ட பாட்டை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, பாத்திக்கு வருவோம். பூனை உங்கள் வீட்டைத் தேடி வரவில்லை, அந்த மண்ணைத் தேடி வருகிறது. வீட்டுப் பூனையின் முன்னோர் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனைகள். பொலபொலவென்று உதிரும் காய்ந்த மண்ணைக் கண்டால் தோண்டிக் கழித்து மூடிவிடும் குணம் அந்த வழியில் வந்தது. விதைப்பதற்காகக் கொத்தி, கட்டி உடைத்து, சலித்துப் போட்ட பாத்தி அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடையில் வாங்கும் பூனை மணல்தொட்டியைவிட நல்ல இடத்தை நீங்களே செய்து கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே மாற்ற வேண்டியது வாசனையை அல்ல, மண்ணின் மேற்பரப்பை. இத்தனை ஆண்டுகளில் எந்தத் தயக்கமும் இல்லாமல் நான் பரிந்துரைக்கும் வழி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

எப்படி மாற்றுவது? விதை போட்ட உடனே கோழிக்கூண்டுக்குப் பயன்படுத்தும் அறுகோணக் கம்பி வலையைப் பாத்திமேல் தட்டையாக விரித்து, வளைத்த கம்பிகளால் மண்ணோடு இறுக்கிவிடுங்கள். கண் இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர் இருந்தால் போதும். நாற்று அதன் வழியே மேலே வரும், பூனையால் தோண்ட முடியாது. ஓரங்களை உள்நோக்கி மடித்து மண்ணுக்குள் புதைக்க மறக்காதீர்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனை பூனையின் பாதத்தைக் கிழிக்கும், உங்கள் கையையும் கிழிக்கும். வேரோடு பிடுங்கும் கீரை என்றால் தட்டையான வலை அறுவடையில் தொல்லை கொடுக்கும். அதற்கு வளைவுக் குச்சிகள் நட்டு, ஒரு முழ உயரத்தில் வலையைக் கூடாரம் போலப் போட்டுவிட்டு, பயிர் நெருங்கி வளர்ந்ததும் எடுத்துவிடலாம். கத்தரி, தக்காளி போல இடைவெளி விட்டு நடும் செடிகளுக்கு வலையில் ஓட்டை வெட்டி நடலாம். வலை கிடைக்காவிட்டால் குச்சிகள் போதும்: முனை மழுங்கிய குச்சிகளை அரைச் சாண் இடைவெளியில் நெருக்கமாகக் குத்திவையுங்கள். பூனை குந்துவதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பும், அதற்கு இடம் இல்லாவிட்டால் போய்விடும்.

மூடாக்குப் போட்டால் வராது என்று பலர் சொல்வார்கள், அதில் பாதிதான் உண்மை. கரடுமுரடான மரப்பட்டை, கூழாங்கல், முள் இல்லாத சுள்ளி போன்றவை உதவும். மரத்தூளும் பொடியான சருகும் நேர்மாறான வேலையைச் செய்யும். என் முதல் தோட்டத்தில் மரத்தூளைப் பரப்பிவிட்டு, ஏன் முன்பைவிட அதிகமாக வருகின்றன என்று குழம்பியிருக்கிறேன். மரத்தூளையே பூனைத் தொட்டிகளில் போடுகிறார்கள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. ஈரமும் உதவும். பூனைகள் அதிகம் நடமாடுவது அந்தியிலும் விடியலிலும். ஆகவே மாலையில் மேல்மண் நனையும் அளவுக்குத் தண்ணீர் விட்டால் தோண்ட விரும்பாது. நாற்று இளசாக இருக்கும்போது அளவுக்கு மீறினால் நாற்றழுகல் வரும், பார்த்துக்கொள்ளுங்கள். செடி நெருங்கி மண்ணை மறைத்துவிட்ட பாத்தியைப் பூனை பெரும்பாலும் தொடாது. உங்களுக்கு ஆபத்தான காலம் விதைப்பிலிருந்து அதுவரை உள்ள சில வாரங்கள்தான்.

வலை போடும் முன் பழைய தடயத்தை எடுத்துவிட வேண்டும். பூனை மூக்கை வைத்துத்தான் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. மலத்தையும் அதைச் சுற்றியுள்ள மண்ணையும் ஒரு சாண் ஆழத்துக்கு அள்ளி, குப்பையில் சேருங்கள். மட்கு உரக் குழியில் போடாதீர்கள். வீட்டு மட்குக் குழிகள் பெரும்பாலும் அந்த ஒட்டுண்ணி உறைகளைக் கொல்லும் அளவுக்குச் சூடாவதில்லை. சுவரிலோ சிமெண்டுத் தரையிலோ சிறுநீர் இருந்தால், என்சைம் கலந்த துப்புரவுத் திரவம்தான் உண்மையில் வேலைசெய்யும். பிளீச்சிங் திரவத்தை அதன்மேல் ஊற்றவே கூடாது. சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சைத் திணறடிக்கும் வாயுவைக் கிளப்பும். அம்மோனியா கலந்த துப்புரவுப் பொருளோ, இங்கே இன்னொரு பூனை இருந்தது என்று சொல்வதுபோல் ஆகிவிடும்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குழி தோண்டி, கழித்து, மூடிவிட்டுப் போவது கழிப்பிடப் பழக்கம். வாலை நட்டமாகத் தூக்கி, பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டி, வாலை நடுக்கிக்கொண்டு பீய்ச்சுவது எல்லைக் குறி. நடைபாதை நடுவில் மூடாமல் மலத்தை விட்டுப் போவதும் சில சமயம் எல்லைக் குறியாக இருக்கலாம். நான் மேலே சொன்ன வலையும் குச்சியும் முதல் பழக்கத்தைத்தான் தடுக்கும். இரண்டாவதுக்கு வழி கருத்தடைதான். அறுவை செய்த கடுவன் பூனைகளில் பத்துக்கு ஒன்பது என்ற அளவில் பீய்ச்சுவது நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறையும்.

கருவிகளைப் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். அசைவை உணர்ந்து தண்ணீரைச் சடாரென்று பீய்ச்சும் தெளிப்பான், விரட்டும் கருவிகளில் எனக்கு நம்பிக்கையானது. சத்தமும் நீரும் ஒன்றாக, பூனை அந்த இடத்தில் நிற்கும்போதே வருவதால், இந்த இடம் வேண்டாம் என்று அது கற்றுக்கொள்கிறது. நாள்தோறும் இடத்தைக் கொஞ்சம் மாற்றி வைத்தால் பழகிப்போகாது. பொதுவாக மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியை எழுப்பும் கருவி சந்தேகப் பட்டியலில்தான் வரும், ஆனால் முழு ஏமாற்று இல்லை. பிரிட்டனில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் சோதனையில் பூனைகளின் வருகை குறையவில்லை, இரண்டாவது சோதனையில் ஏறத்தாழ 32 விழுக்காடு குறைந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத் தோட்டங்களில் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் வருகை 46 விழுக்காடும், தங்கும் நேரம் 78 விழுக்காடும் குறைந்தன. அதாவது குறைக்கும், நிறுத்தாது. காது கேளாத பூனையிடம் பலிக்காது. நீலக் கண் உள்ள வெள்ளைப் பூனைகளில் பலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சில கருவிகளின் ஒலி குழந்தைகளின் காதில் விழும் என்பதையும் கவனியுங்கள்.

ஆரஞ்சுத் தோல், தண்ணீர் நிரப்பிய பாட்டில், தொங்கவிட்ட பழைய சிடி, சிங்கச் சாணம், பூனை விரட்டி என்று விற்கும் ஒரு வகைக் கோலியஸ் செடி போன்றவற்றை நம்பி நேரத்தைச் செலவிட நான் சொல்ல மாட்டேன். பாட்டிலுக்கு எந்த அடிப்படையும் இல்லை. ஆரஞ்சுத் தோல் காயும்வரை சில பூனைகளைத் தயங்கவைக்கலாம். ஒருவருக்குப் பலித்தது என்று சொன்னால் நான் மறுக்கவில்லை, ஆனால் அதே வாரத்தில் அந்தப் பூனை வேறு இடம் கண்டுபிடித்திருக்கவும் கூடும். அருவதாச் செடியைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. அதன் சாறு பட்ட தோல் வெயிலில் கொப்பளிக்கும், கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

விரட்டும் செடியைத் தேடுவதற்கு முன், இழுக்கும் செடி இருக்கிறதா என்று பாருங்கள். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் இருப்பது சும்மா இல்லை. வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து முகர்ந்து, முகத்தைத் தேய்த்து, புரண்டு கிடக்கும். பூனைகளை இதேபோல இழுக்கும் மேலைநாட்டுச் செடியான பூனைப்புதினாவில் உள்ளதன் உறவான வேதிப்பொருள்கள் அந்த வேரில் இருப்பதை ஆய்வுக்கூடத்திலும் கண்டிருக்கிறார்கள். நம் முன்னோர் பெயரிலேயே அதைச் சொல்லி வைத்துவிட்டார்கள் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் விஷயம். பாத்தியில் களை எடுத்து அங்கேயே ஓரமாகப் போடும் பழக்கம் இருந்தால், குப்பைமேனியை மட்டும் தனியே அகற்றிவிடுங்கள். எலும்புத்தூள், இரத்தத்தூள், மீன் கழிவில் செய்த உரம் இவையும் பூனையை இழுக்கும். நல்ல உரங்கள்தான், ஆனால் மேலே தூவாமல் மண்ணுக்குள் ஆழமாகக் கலந்துவிட வேண்டும்.

சுவரை உயர்த்துவதில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள், ஆறடிச் சுவரைப் பூனை சாதாரணமாக ஏறும். சுவரின்மேல் கண்ணாடித் துண்டு, கூர்முனைக் கம்பி வைப்பது கொடுமை. பிடித்துத் தூர விடுவதாலும் பயன் இல்லை: அந்தப் பூனை திண்டாடும், காலியான எல்லைக்கு வேறொன்று வந்து சேரும்.

மாறாக, மாற்று இடம் ஒன்று கொடுத்துப் பாருங்கள். தோட்டத்தின் ஒதுக்குப்புறத்தில், செடி மறைவில், இரண்டடிக்கு இரண்டடி, அரையடி ஆழத்தில் நைசான மணல் போட்டு, பாத்தியில் அள்ளிய மண்ணில் ஒரு கைப்பிடியை அதில் கலந்துவிடுங்கள். பாத்தியை வலையால் மூடும் அதே நாளில் இதைத் திறந்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும். மணலை நாள்தோறும் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். ஒட்டுண்ணி உறைகள் முதிர ஒரு நாளாவது தேவை என்று மேலே சொன்னேனே, அதற்கு முன்பே அள்ளிவிட்டால் ஆபத்து பெரும்பகுதி போய்விடும். மழை பெய்யும்போது ஒரு பலகையால் மூடுங்கள். இந்த வேலையையும் மருமகள் செய்யக் கூடாது.

இதைவிட நல்லது அந்த மணல் பக்கத்து வீட்டிலேயே இருப்பது. அதற்கு நீங்கள் பேச வேண்டும். என் பக்கத்து வீட்டில் ஒரு அம்மா நான்கு பூனை வளர்த்தார். கோபத்தை அடக்கிக்கொண்டு ஒருநாள் போய், உங்கள் பூனைக்கு வீட்டில் தொட்டி இருக்கிறதாம்மா என்று கேட்டேன். வெளியேதான் போகுமே என்றார், எங்கே போகிறது என்று அவர் யோசித்ததே இல்லை. தன் தோட்டத்து மூலையில் அவர் மணல் கொட்டினார், நான் இங்கே வலை போட்டேன், ஒரு மாதத்துக்குள் என் பாத்தி தப்பியது. உங்கள் பக்கத்து வீட்டாரிடம் குற்றம் சாட்டும் குரலில் தொடங்காமல், கர்ப்பிணி இருக்கிறாள், உதவுங்கள் என்று கேளுங்கள். கருத்தடை செய்தாயிற்றா, குடற்புழு மருந்து கொடுக்கிறார்களா என்றும் கேட்டுவையுங்கள்.

யாருடையது என்று தெரியாத அந்த மூன்றாவது பூனையின் காதை மட்டும் ஒருமுறை தூரத்திலிருந்து உற்றுப் பாருங்கள். ஒரு காதின் நுனி நேர்க்கோடாக வெட்டப்பட்டிருந்தால், அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது, அதைக் கவனிக்கும் ஒருவர் அந்தப் பகுதியில் இருக்கிறார் என்று பொருள். எந்த வாசலில் அதற்குச் சாப்பாடு கிடைக்கிறது என்று கண்டுபிடித்தால் மணலைப் பற்றி அவரிடமும் பேசலாம். காது முழுசாக இருந்து, கன்னம் உப்பிய கடுவனாகவும் இருந்தால், வலை பாத்தியைக் காக்கும், சுவரில் பீய்ச்சுவது தொடரும். அப்போது உங்கள் பகுதியில் தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்பவர்களைத் தேடிச் சொல்லுங்கள். ஓரிரு வாரம் கழித்து என்ன ஆயிற்று என்று இங்கேயே எழுதினால் மேற்கொண்டு பார்க்கலாம்.